ஜீப்புக்கு அடியில் வெல்லக் கொப்பரை

அன்று ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்.

முன் சீட்டில் முதலாளி. ஜீப் அவருடையது. கரும்பும் நெல்லும் போடுகிறவர். ஜீப் ஓட்டத் தெரியாது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், டிரைவரான என் இடத்தில், வெல்டிங் பாய். சங்கராபுரம் ரோட்டோரம் அவருக்குப் பட்டறை. ஜீப் வேலை அங்கேதான் நடந்தது.

பின்னால் மாமா. என் அக்கா வீட்டுக்காரர். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர். அப்போது எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டுக் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த சமயம். மாமா ஒன்று விடாமல் போய்விட்டு வருவார்.

மாமாவுக்கு எதிரே புளி அக்கா. வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஊர். வாரம் ஒரு தடவை புளி, கடுக்காய் கொண்டுவந்து விற்றுவிட்டு உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார். அன்று அவரோடு இரண்டு மூட்டை.

டீக்கடையில் நின்ற நான்கு பேர். யாரென்று எனக்குத் தெரியாது. எடைக்காக ஏறச் சொன்னோம். கையில் டீயோடு ஏறினார்கள்.

வண்டி ஓடவில்லை. நான் அடியில் மல்லாந்து கிடந்தேன்.

"எவ்ளோ நேரம்டா? நிக்கிற வண்டில உக்காந்துக்கினு கீறோம். பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார் முதலாளி.

"பெட்ரோல் ஊத்தக் காசு இல்லன்னு நெனப்பான்" என்றார் மாமா.

"ஆடாதீங்க. அளக்கறேன்" என்றேன்.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்க ஒரு தகரத் தொட்டி இருக்கும். அதைத்தான் சேம்பர் என்போம். காலி வண்டியில் தரையிலிருந்து சேம்பர் வரைக்கும் ஒரு சாண் மூன்று விரல் இருந்தது. ஆளும் மூட்டையும் ஏறியபின் ஒரு சாண்தான். மூன்று விரல் போய்விட்டது. எல்லாரும் காலி வண்டியை அளந்துவிட்டு, கல் இடிக்காது என்பார்கள். மலையில் என் வண்டி ஒரு நாளும் காலியாகப் போனதில்லை.

அந்த வருசம் சேம்பர் மூன்று தடவை உடைந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் அப்போது ரோடு கிடையாது. மாட்டு வண்டி போன தடம். சக்கரம் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு, மேட்டில் கல். கல் ஒரு முட்டு முட்டினால் சேம்பர் பிளந்து எண்ணெய் எல்லாம் மண்ணுக்குப் போகும். தெரியாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி, சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. மாடு கட்டி இழுத்து வந்தோம்.

முதலாளி அன்று சொன்னார்.

"நாலாவது வாட்டி ஒடஞ்சிதுன்னு வையி, வண்டிய வித்துடுவேன். தார் ரோட்டுல ஓட்டறவன் எவனாச்சும் எடுத்துக்கட்டும். நீ வேற வேல பாத்துக்க."

"ஒடையாது" என்றேன்.

"கல்லுகிட்ட சொல்லிட்டியா?"

வண்டியை விற்றால் எனக்கு வேலை இல்லை. புளி அக்கா ஊருக்கும் அதற்கு அப்பால் உள்ள மூன்று ஊருக்கும் வண்டி இல்லை. பஸ் வெள்ளிமலையோடு திரும்பிவிடும். கல்லை எடுக்க முடியாது. எடுத்தால் அடுத்த மழைக்கு வேறு கல் தலை தூக்கும். அடியில் தகடு கட்டுவது என்று முடிவு செய்தேன்.

எந்தத் தகடு என்பதில் எல்லாரும் ஒரு யோசனை சொன்னார்கள்.

முதலாளி தார் டிரம்மை வெட்டிப் போடச் சொன்னார். சும்மா கிடைக்கும். ஆனால் அது காகிதம். கல் அதையும் கிழித்து சேம்பரையும் கிழிக்கும்.

பாய் மூன்று நூல் கனத்தில் தட்டையான இரும்புத் தகடு காட்டினார். எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்கினோம். அதைக் கட்டினால் முன் ஸ்பிரிங் பட்டை எடை தாங்காமல் படியும். இன்னும் ஒரு விரல் போகும். கல்லுக்குப் பயந்து தகடு போட்டு, தகட்டின் கனத்தால் கல்லுக்குக் கிட்டப் போவதா? வேண்டாம் என்றேன்.

"அப்ப காத்துலதான் தகடு செய்யணும்" என்றார் பாய்.

ஒரு நாள் மாமாவின் கொட்டகைக்குப் போனேன். வெல்லம் காய்ச்சுகிற பழைய கொப்பரை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கம் விளிம்பு வெடித்திருந்தது. அதில் பாகு ஊற்ற முடியாது. அடிப்பாகம் ஒன்றரை நூல் கனம். நடுவில் லேசாகத் தொப்பை. காலால் உதைத்தேன். வழுக்கிக்கொண்டு போய்க் கரும்புச் சக்கையில் நின்றது. மடிந்த நுனி இல்லை, மூலை இல்லை. கல் பிடிக்க இடமே இல்லை.

"மாமா, இது எனக்கு வேணும்."

"எதுக்கு மச்சான்? பாயசம் காய்ச்சவா?"

"ஜீப்புக்கு."

மாமா என்னைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார். "எங்க அய்யா வாங்கனது. அப்பலேர்ந்து எரியற அடுப்பு மேல கெடந்துது. எடுத்துக்கினு போ. ஒடஞ்சா எங்கிட்ட வந்து அழுவாத."

பாய் சுத்தியால் தட்டிக் கேட்டார். "தீயில வெந்த இரும்பு. ஒடையாது, மடங்கும். நமக்கு மடங்கறதுதான் வேணும்."

அப்படித்தான் அன்று எல்லாரையும் வண்டியில் ஏற்றி அளந்தது. ஆள் ஏறினால் பட்டை படிந்து முன் அச்சு மேலே வரும். வந்து தகட்டில் இடிக்கக் கூடாது. இடிக்கிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டேன். பாய் அந்த அளவுக்கு அரை வட்டமாக வெட்டினார். முன்னால் சேஸியின் குறுக்குச் சட்டத்தில் மூன்று போல்ட், பின்னால் கியர் பாக்ஸ் சட்டத்தில் மூன்று போல்ட். பாய் ஒரேயடியாக வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். வைத்தால் எண்ணெய் மாற்ற ஒவ்வொரு தடவையும் அறுக்க வேண்டும். போல்ட்தான் என்றேன். பிடிவாதம் பிடித்தேன் என்று பிறகு சொன்னார். பிடித்தேன்தான்.

சேம்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டோம். தகடு உள்வாங்கினாலும் சேம்பரைத் தொடாது.

பஸ் ஸ்டாண்டில் பேர் வைத்துவிட்டார்கள். வெல்லக் கொப்பரை வண்டி. டிக்கெட் கேட்கிற மாதிரி வந்து, "அண்ணா, பாகு பதம் வந்துடுச்சா?" என்பார்கள். "வந்தா ஒன் வாயில ஊத்தறேன்" என்பேன். அதற்கு மேல் பேசமாட்டேன். மலைக்கு ஓட்டினேன்.

முதல் வாரமே இரண்டு தப்பு தெரிந்தது.

ஒன்று, போல்ட்டின் தலை கீழே துருத்திக்கொண்டிருந்தது. கல் இரண்டு தலையைச் சீவிவிட்டது. தகடு ஒரு பக்கம் தொங்க, ரோட்டை உழுதுகொண்டு வந்தேன். பாய் தகட்டில் குழி தட்டி, போல்ட் தலை உள்ளே உட்காரும்படி செய்தார்.

இன்னொரு தப்பை எங்களைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். கொப்பரை என்றால் விளிம்பு இருக்க வேண்டும் என்று பாய், மாமா, நான், எங்கள் மூன்று பேர் மண்டையிலும் பதிந்திருந்தது. வெடித்த பக்கத்தை முன்னால் வைத்து வெட்டினோம். பின் பக்கம் விளிம்பு நன்றாக இருந்தது. அதை ஏன் வெட்டுவது என்று அப்படியே மேல் நோக்கி விட்டுவிட்டோம். நல்ல விளிம்பை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

அது சாமை அறுப்புக் காலம். மலையில் சாமையும் கேழ்வரகும் அறுத்து ரோட்டில் பரப்பி வைப்பார்கள். வண்டி மேலே ஏறிப் போனால் தானியம் உதிரும். மாடு கட்டிப் போரடிக்க வேண்டாம். பஸ், லாரி, ஜீப் எது வந்தாலும் சரி. வெள்ளிமலைக்கு அப்பால் தடத்திலேயே பரப்புவார்கள், அங்கே வருவது என் வண்டி ஒன்றுதான். அதனால் நான் வருகிற நேரம் பார்த்துப் பரப்புவார்கள். கையைக் காட்டி, திரும்ப ஒரு தடவை போகச் சொல்லுவார்கள். போவேன்.

அன்று பதினான்கு பேர் ஏறியிருந்தார்கள். நான்கு களத்தைத் தாண்டினோம். ஐந்தாவதில் வாடை வந்தது. பிறகு காலுக்குக் கீழே புகை.

"யப்பா, வண்டி பத்திக்கிச்சு!" என்று கத்தினார் பின்னால் ஒருவர். நிறுத்துவதற்குள் பாதிப் பேர் குதித்துவிட்டார்கள்.

சாமைத் தாள் எல்லாம் முன் பக்கம் நுழைந்து, பின்னால் விளிம்பு தடுத்து, கொப்பரைக்குள் நிரம்பிக் கிடந்தது. சைலன்சர் குழாய் பட்டுப் புகைந்தது. புளி அக்கா இடுப்பிலிருந்து கதிர் அரிவாளை எடுத்து, படுத்து, தாளை இழுத்து இழுத்து வெளியே போட்டார். நான் மறு பக்கம் கையால் இழுத்தேன். முழங்கை வரை சுட்டது. தீ எழும்பவில்லை. எழும்பியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அக்கா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சாமிக்குப் பொங்க வெக்கற மாதிரி வண்டிக்கு அடில அடுப்பு வெச்சிருக்கறியே. ஒனக்குப் புத்தி கீதா?"

"விளிம்ப வெட்டியிருக்கணும்க்கா."

"வெட்டிட்டு வந்து ஏத்து."

யாரும் திரும்ப ஏறவில்லை. எல்லாரும் நடந்தார்கள். காலி வண்டியோடு கீழே வந்தேன். அன்றே விளிம்பை வெட்டினோம். பின் பக்கம் முழுக்கத் திறப்பு. சேம்பரில் எண்ணெய் இறக்குகிற நட்டுக்கு நேராகக் கை நுழைகிற ஓட்டை. உள்ளே போன தாளும் மண்ணும் தானே விழுந்துவிடும். மறு வாரம் புளி அக்கா குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அவர் ஏறியபின் மற்றவர்கள் ஏறினார்கள்.

முதலாளிக்குப் புகை விஷயம் போய்ச் சேர்ந்தது. "சேம்பர் ஒடயல, வண்டியே எரியப் பாத்துதாம். நல்லாத்தான் கீது ஒன் வேல" என்றார். இன்னும் ஒரு தடவைதான் என்று விரலைக் காட்டினார்.

அப்படி இருக்கும்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடக் கூடாது என்று சொன்னார்கள். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். சில இடத்தில் ரோட்டையே வெட்டினார்கள். நான் முந்தின நாள் சாயங்காலம் மேலே போனவன், வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் கேட்டது தப்பென்று நான் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் முதலாளி சொல்லி அனுப்பிய ஆள் நடந்தே மலை ஏறி வந்தான். "வண்டிய அங்கயே நிறுத்திக்கச் சொன்னாரு. ஓடையில காட்டுல வுட்டு ஒடச்சிக்கினு வந்தா, வந்த அன்னிக்கே வித்துடறாராம்."

மூன்றாம் நாள் புளி அக்கா வந்தார். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக் காட்டினார். காலி.

"வண்டி கீழ போவுமா, போவாதா?"

"ரோடு இல்லக்கா."

"எங்கூருக்கு என்னிக்கு ரோடு இருந்துது? நீ வரலியா?"

சாவியைப் போட்டேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். அடிவாரத்தில் ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. இருபது முப்பது ஆள். மரத்தின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"மச்சான், திருப்பு."

"எங்க?"

"வந்த வழிக்கு. ஒரு வாரத்துக்கு ரோட்டுல ஒரு வண்டி போவக் கூடாது. கலெக்டர் வந்தாலும் அதான். நீ வந்தாலும் அதான்."

"மண்ணெண்ண இல்ல மாமா அங்க."

"இங்க மட்டும் ஊத்து ஊத்துன்னு ஊத்துதா? யாருக்காக ஒக்காந்துக்கினு கீறோம்? ஒம் புள்ளைக்கும் சேத்துதான்டா."

"வாங்குங்க. நான் வேணாம்னனா?"

"அப்பறம் இன்னா?"

"ரோட்டுலதான போவக் கூடாது?"

"ஆமா."

"ரோட்டுல போவல."

ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். ரோட்டை ஒட்டி ஓடை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான். ஆனால் முழுக்கக் கல். மாட்டு வண்டிகூட அதில் இறங்காது.

பின்னால் சிரிப்பு கேட்டது. ஒருவன், "வுடு மாமா, போவட்டும். பத்தடில நிப்பான். அப்பறம் நாமதான் போயி தூக்கணும்" என்றான்.

ஆட்களை இறங்கச் சொன்னேன். மூன்று விரல் கூடுதலாக வேண்டும். மூட்டையையும் இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். புளி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீருக்குள் குத்திப் பார்த்து, இது வேண்டாம், இது சரி என்று கம்பைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் சக்கரத்தை வைத்தேன்.

முதல் கல் கொப்பரையில் பட்டது. கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். தகடு ஏறி வழுக்கி இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. எண்ணவில்லை. எண்ண நேரம் இல்லை.

மறியல்காரர்கள் கரையோடு கூடவே நடந்து வந்தார்கள். சிரிப்பதற்குத்தான் வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"வலது ஒடி! வலது!"

"அங்க போவாத, பள்ளம்!"

"யோவ், அந்தம்மா சொல்றத கேளுய்யா, நீ இன்னாத்துக்குக் கத்தற?"

மாமாவின் குரல் தனியாகக் கேட்டது. "மெள்ளடா! எங்க அய்யா வாங்கன கொப்பர அது!"

நடு ஓடையில் ஒரு கல்லின் மேல் வண்டி உட்கார்ந்துவிட்டது. தகடு கல்லின் மேல், முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில். தராசு மாதிரி ஆடியது. சேம்பர் போனால் இங்கேதான் போக வேண்டும். போனால் இத்தனை பேர் முன்னால்.

"தள்ளட்டுமா?" என்று கரையிலிருந்து கேட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

"வேணாம்."

தேவைப்பட்டிருந்தால் கேட்டிருப்பேன். பின் கியர் போட்டேன். ஒரு சாண் பின்னால் வந்தது. முன் கியர். கொப்பரையின் தொப்பை கல்லின் மேல் கிறீச்சென்று தேய்ந்து, திரும்பி, நழுவி இறங்கியது. இறங்கி நிறுத்தினேன். தண்ணீரில் மண்டியிட்டு, ஓட்டை வழியாகக் கையை விட்டு சேம்பரைத் தடவினேன். கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். மண். எண்ணெய் இல்லை.

ஓடையிலேயே போய் ஏரிக்கரை ஏறி, தரிசாகக் கிடந்த கரம்பு வழியாக வண்டிப் பாட்டையைப் பிடித்தேன். மண்ணெண்ணெயும் உப்பும் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினோம். மாமா மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. "இவன் ரோட்டுல போவலப்பா" என்றார் மற்றவர்களிடம்.

மறுநாளும் இறங்கினேன். அதற்கு மறுநாளும். மறியல் முடிகிற வரைக்கும் இறங்கினேன்.

மரங்களை அப்புறப்படுத்திய அன்று வண்டியைப் பாய் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். முதலாளி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். பக்கத்தில் மாமா.

"நிறுத்துன்னு சொன்னனா, இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்பறம்?"

"ஒடயல."

"யாரு சொன்னது?"

"படுத்துப் பாருங்க."

பாய் சாக்கை விரித்தார். முதலாளி சட்டையைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டுவிட்டு அடியில் நுழைந்தார். அதற்கு முன் அவர் அந்த வண்டிக்கு அடியில் போனதே இல்லை. அடியிலிருந்து குரல் வந்தது.

"தகட்டக் கழட்டு."

ஆறு போல்ட்டையும் கழற்றினேன். தகட்டை இறக்கினோம். முதலாளி சேம்பரைத் துண்டால் துடைத்தார். முழுக்கத் துடைத்தார். ஒரு சொட்டை, ஒரு நசுங்கல் இல்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தார். வெறும் தூசி.

பிறகு தகட்டைக் கவிழ்க்கச் சொன்னார். அடிப்பக்கம் அம்மை விழுந்த முகம் மாதிரி இருந்தது. பாயிடம் சாக்பீஸ் வாங்கினார். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வட்டம் போட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அது சேத்தி இல்ல" என்றார் மாமா. "அது எங்க வூட்டு அடி. ஒரு தபா அடுப்புலேர்ந்து எறக்கறப்ப கீழ வுட்டுட்டோம்."

"இது?"

"அது கல்லு."

"இதுவும் ஒங்க வூட்டுதா?"

"இல்ல இல்ல. அது மச்சான் நடு ஓடையில ஒக்காந்தானே, அது. நான்தான் பாத்துக்கினு இருந்தேனே."

மாமா தன் வீட்டு அடி என்று சொன்ன நான்கு வட்டத்தை முதலாளி துண்டால் அழித்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பாய் கூடவே வாய்க்குள் எண்ணினார். நான் போல்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்து எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டார். சாவி என் பையில் இருந்தது. அதைக் கேட்கவில்லை.

"மாட்டுடா தகட்ட" என்றார்.

சேம்பரில் ஓர் அடிகூட இல்லை. தகட்டில் நாற்பத்து ஒன்று.